மாஸ்டர் வாங்கிய பூட்டுக் கம்பெனி

கடைத்தெரு நடுவில், பின்னால் ஒரு லாரி நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கார் முக்கிக்கொண்டு நின்றது.

"நான் ஒண்ணுமே பண்ணலையே மாஸ்டர்," என்றார் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கேஷியர் அம்மா. "ரெண்டாவது கியர்ல ஒழுங்காத்தான் போயிட்டிருந்தேன்."

உண்மைதான். பண்ணியது டிரைவிங் மாஸ்டரின் வலது கால். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். வருஷக்கணக்கில் அதன்மேல் கால் வைத்தே உட்கார்ந்து பழகிவிட்டதால், மாஸ்டருக்கு வரும் எந்த அதிர்ச்சியும் முதலில் காலுக்குத்தான் போகும், அப்புறம்தான் முகத்துக்கு வரும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கரண்ட் பில்லைப் பார்க்கும்போதுகூட அந்தக் கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும்.

இப்போது அதிர்ச்சி போன் வழியாக வந்திருந்தது.

"நாற்பதா? போன வாரம்தானேம்மா ஐம்பதுக்கு வாங்கிக் கொடுத்தீங்க?"

"அது போன வாரம் சார்," என்றாள் புரோக்கர் ஆபீஸ் பெண். அவள் குரலில் எப்போதும் ஒரு நிம்மதி இருக்கும். ஏறினாலும் கமிஷன், இறங்கினாலும் கமிஷன் என்று பிழைப்பவர்களுக்கு மட்டும் வாய்க்கும் நிம்மதி அது.

லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. கேஷியர் அம்மா வண்டியை மறுபடி கிளப்பி, ஒரு செருப்புக் கடை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். பாங்க்கில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து தலை நரைக்கும்வரை பணம் எண்ணியவர். ரிட்டையர் ஆவதற்குள் லைசென்ஸ் எடுத்துவிட வேண்டும் என்று வந்தவர், இதுவரை இரண்டு தடவை டெஸ்டில் தோற்றிருந்தார். வண்டிதான் அவர் பேச்சைக் கேட்காதே தவிர, எண்கள் எல்லாம் கேட்கும்.

"எது ஐம்பதுலேருந்து நாற்பதாச்சு?" என்றார்.

"ஷேர் வாங்கியிருக்கேன் மேடம். வீட்டுக்குத் தெரியாது."

"தெரியாமத்தானே எல்லாரும் வாங்கறாங்க. எத்தனை?"

மாஸ்டர் கதையைச் சொன்னார். யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும் என்கிற நிலையில்தான் அவரும் இருந்தார்.

விஷயம் இதுதான். பழைய வண்டியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று லைசென்ஸ் ஆபீஸில் சட்டம் போட்டுவிட்டார்கள். மாஸ்டரின் வண்டிக்கு இந்த மாதம்தான் கடைசி. அதற்குள் வேறு வண்டி வாங்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். நல்லவேளையாகப் பக்கத்துத் தெரு பல் டாக்டர் தன் காரை விற்பதாக இருந்தார். விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம். மாஸ்டர் பாங்க்கில் ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருந்தார். இடிக்கிறது முப்பதாயிரம்.

இதைச் சொன்னபோது அவர் மனைவி ரொம்ப சாதாரணமாக, "அந்த முப்பதாயிரத்தை நான் பார்த்துக்கறேன், நீங்க விடுங்க," என்றாள்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. அவள் எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று மாஸ்டருக்குத் தெரியாதா? அவளுக்கு ஓர் அண்ணன் இருக்கிறான், சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். கேட்டால் கொடுத்துவிடுவான். வட்டி வாங்க மாட்டான். வட்டிக்குப் பதிலாகப் பேசுவான். என்றோ ஒரு நாள் மாஸ்டர் வண்டிக்குக் காற்றடித்துக் கொடுத்ததையே இன்னும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறவன், முப்பதாயிரம் கொடுத்தால் ஆயுசு பூராவும் சொல்வான். மச்சான் வாயில் விழுவதைவிடத் தானே அந்த முப்பதாயிரத்தைச் சம்பாதித்துவிடுவது என்று மாஸ்டர் முடிவு செய்தார். கடைத்தெருக் கோடியில், மாடியில் ஒரு புரோக்கர் ஆபீஸ் இருந்தது. தினமும் பத்து கிலோமீட்டர் வேகத்தில் அதைத் தாண்டிப் போகிறவருக்கு, ஏறிப் பார்க்கத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

"எந்தக் கம்பெனி?" என்றார் கேஷியர் அம்மா.

"பூட்டுக் கம்பெனி. என் மாமனார் அங்கேதான் வேலை பார்த்து ரிட்டையர் ஆனார், போய்ச் சேர்ந்துட்டார் பாவம். கல்யாணத்துக்கு எங்களுக்கு ஒரு டஜன் பூட்டு கொடுத்தார். பூட்டி வைக்க ஒண்ணும் இல்லாத வீட்டுக்குப் பன்னிரண்டு பூட்டு. அப்போ சிரிச்சேன். ஆனா நீங்களே பாருங்க மேடம்."

அவர் கையைக் காட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மூடியிருந்த ஏழெட்டுக் கடைகளின் ஷட்டர்களில் ஒரே மாதிரிப் பித்தளைப் பூட்டு தொங்கியது. வேகமாகப் போகிறவர்கள் கண்ணில் இது படாது. மாஸ்டரோடு வண்டி ஓட்டப் பழகுகிறவர்கள் வேகமாகப் போவதே இல்லை என்பதால், இந்த ஊர்ப் பூட்டுகளை அவர் அளவுக்குப் பார்த்தவர் கிடையாது.

"எல்லாம் இவங்க பூட்டுதான். அதுவும் விலை பாருங்க, மத்த கம்பெனி ஷேரெல்லாம் ஆயிரம், ரெண்டாயிரம்னு விக்குது. இது வெறும் ஐம்பது. சல்லிசா இருக்கேன்னு ஆயிரம் ஷேர் வாங்கினேன்."

கேஷியர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாங்க்கில் யாராவது கிழிந்த நோட்டை நீட்டினால் இப்படித்தான் செய்வார்.

"ஒரு ஷேர் விலையை மட்டும் பார்த்துச் சல்லிசுன்னு சொல்ல முடியாது மாஸ்டர். அந்த ஒரு ஷேருக்குக் கம்பெனி வருஷத்துல எவ்வளவு சம்பாதிக்குதுன்னு பார்க்கணும். கேட்டீங்களா?"

"ரெண்டு ரூபாய்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

"ஐம்பதை ரெண்டால வகுங்க. நீங்க போட்ட காசை அந்தக் கம்பெனி சம்பாதிச்சு முடிக்க இருபத்தஞ்சு வருஷம். அந்த ரெண்டு ரூபாயிலயும் உங்க கைக்கு எவ்வளவு தருவாங்க?"

"ஒரு ரூபாய். போன வருஷம் தந்தாங்களாம்."

"ஐம்பது போட்டு ஒண்ணு. ரெண்டு சதவீதம். எங்க பாங்க்கே அதைவிட அதிகம் தருது, எங்க பாங்க்கைப் பத்தி நானே நல்லதாப் பேச மாட்டேன். அப்புறம் அந்தப் பூட்டு. எவ்வளவு பழசு அது?"

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். பூட்டுகள் எல்லாம் பச்சை பூத்துப் போயிருந்தன.

"இருக்கும், ஒரு இருபது வருஷம்."

"அதுதான் பிரச்சினை. இவ்வளவு நல்ல பூட்டுன்னா எவன் ரெண்டாவது பூட்டு வாங்குவான்?"

இந்தக் கோணத்தில் மாஸ்டர் யோசிக்கவே இல்லை. பேச்சை மாற்ற, "இருபது சதவீதம்தானே மேடம் இறங்கியிருக்கு. திரும்ப ஒரு இருபது சதவீதம் ஏறினா சரியாப் போச்சு," என்றார்.

"நாற்பதுக்கு இருபது சதவீதம் எட்டு. நாற்பத்தெட்டுதான் வரும். ஐம்பதாகணும்னா இருபத்தஞ்சு சதவீதம் ஏறணும்."

"அதெப்படி? இறங்கும்போது ஒரு கணக்கு, ஏறும்போது ஒரு கணக்கா?"

"படிக்கட்டு அதேதான். ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். இன்னும் கமிஷன் வேற இருக்கு. எவ்வளவு?"

"ஏதோ அரை சதவீதம்."

"ஏதோ இல்ல, இருநூத்தைம்பது ரூபாய். வாங்கும்போது ஒரு தடவை, விக்கும்போது ஒரு தடவை. ஐம்பதரைக்கு வித்தாத்தான் போட்டது போட்டபடி வரும். முப்பதாயிரம் லாபம்னா எண்பதைத் தாண்டணும்." கேஷியர் அம்மாவுக்கு அவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது. "சில பேர் என்ன பண்ணுவாங்கன்னா, இறங்கின விலையில இன்னும் கொஞ்சம் வாங்குவாங்க. ஐம்பதுல ஆயிரம், நாற்பதுல ஆயிரம்னா சராசரி நாற்பத்தஞ்சு. அப்போ நாற்பத்தஞ்சு வந்தாலே அசல் வந்துடும். ஆனா, மாஸ்டர்..."

'ஆனா'வுக்குப் பிறகு ஒருவர் என்ன சொல்கிறார் என்பதை மாஸ்டர் வாழ்க்கையில் கேட்டதே இல்லை. அவர் அதற்குள் போனை எடுத்திருந்தார்.

"அம்மா, இன்னொரு ஆயிரம் போடுங்க. நாற்பதுலயே. அப்புறம், வீட்டுக்கு மட்டும் போன் பண்ணிடாதீங்க. வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம்."

அந்தப் பெண் ஏனோ சிரித்தாள். "கவலைப்படாதீங்க சார். எங்க வாயிலேருந்து ஒண்ணும் வராது."

அன்று சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்குப் போனபோது மனைவி ஏக உற்சாகத்தில் இருந்தாள். பாங்க்கில் அறுபதாயிரம்தான் மிச்சம் என்ற நினைப்போடு உள்ளே நுழைந்தவருக்கு அந்த உற்சாகமே பயமாக இருந்தது.

"டாக்டர் வண்டிக்கு நாலு டயரும் புதுசா மாத்திடலாம்," என்றாள். "சீட் கவர் போட்டுடலாம். ஏசியையும் சரி பண்ணிக்கலாம். கத்துக்க வர்றவங்க வேர்த்து வழிஞ்சுக்கிட்டா உட்காரணும்?"

"காசு?"

"அதெல்லாம் வரும்."

மச்சான் தாராளமாக இறங்கிவிட்டான் என்று மாஸ்டர் புரிந்துகொண்டார். டயருக்குக் காற்றடித்த கதையே இப்படியென்றால், நாலு டயரும் வாங்கிக் கொடுத்த கதை எப்படி இருக்கும் என்று நினைத்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"எப்போ போய் முன்பணம் கொடுக்கறீங்க?" என்றாள் மனைவி.

"டாக்டர் ஊர்ல இல்லையாம். வர ஒரு வாரம் ஆகுமாம்," என்றார் மாஸ்டர். பொய் என்பது அவசரத்துக்குப் போடும் ஸ்டெப்னி டயர் மாதிரி, அதிலேயே நெடுந்தூரம் போகக் கூடாது என்பது மாஸ்டருக்குத் தெரியும். ஒரு வாரம் தாங்கினால் போதும், விலை ஏறிவிடும் என்பது அவர் கணக்கு.

ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி கன்னம் வீங்கி, வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஊர்ல இல்லாத டாக்டர் இன்னிக்கு என் பல்லைப் பிடுங்கினார்," என்றாள், பஞ்சு நழுவாமல்.

மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. "வந்துட்டாரா? சீக்கிரம் வந்துட்டாரே."

"அவர் எங்கேயும் போகவே இல்லையாம். யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரோ சொன்னாங்க. அது இருக்கட்டும், அந்த வண்டி இன்ஜின்ல ஒரு சத்தம் வருது, எனக்கு என்னமோ பிடிக்கல."

இதுவும் தப்பாகப் போயிற்று. மனைவி உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். மச்சான் அப்போதே போய், இன்ஜினைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, ஓட்டிப் பார்த்து, "தங்கமான வண்டி. உன் வீட்டுக்காரருக்குக் காதுல ஏதாவது கோளாறா இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனான். டாக்டருக்குக் கோபம். தன் வண்டியைக் குறை சொன்னதாகக் கேள்விப்பட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மனைவி அந்த வீங்கின கன்னத்தோடு நேரில் போய்ப் பேசினாள். தான் பிடுங்கிய பல்லின் சொந்தக்காரி முன்னால் நின்று கெஞ்சும்போது எந்த டாக்டருக்கும் மனசு இளகத்தான் செய்யும்.

"பேசி முடிச்சுட்டேன்," என்றாள் வந்து. "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு உங்க ஒன்றரை லட்சத்தை மொத்தமாக் கொடுத்துடணும். மீதி முப்பதாயிரத்தை அடுத்த மாசம் வாங்கிக்கறாராம். அஞ்சு மணி தாண்டினா வண்டி வேற ஆளுக்குப் போயிடும். சொல்லிட்டார்."

அதாவது, முப்பதாயிரத்துக்கு இப்போது அவசரமே இல்லை. எதற்காக இந்தப் பூட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாரோ, அந்தக் காரணமே காணாமல் போய்விட்டது. பூட்டு மட்டும் கழுத்தில் இருந்தது.

மறுநாள் காலை வகுப்பில், ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த கேஷியர் அம்மாவிடம் மாஸ்டர் நிலவரத்தைச் சொன்னார். ஷேர் முப்பதுக்கு வந்திருந்தது.

"ஐம்பதுல ஆயிரம், நாற்பதுல ஆயிரம். தொண்ணூறாயிரம் போட்டிருக்கீங்க. இன்னிக்கு மதிப்பு அறுபதாயிரம்," என்றார் கேஷியர் அம்மா, பின்கண்ணாடியைப் பார்த்தபடி.

"இப்போ முப்பதுலயும் கொஞ்சம் வாங்கினா சராசரி இன்னும் குறையும் இல்லையா மேடம்?"

"குறையும். அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க கேட்கல. சராசரி குறையறதால கம்பெனிக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல. நீங்க நாற்பத்தஞ்சுக்கு வாங்கினவரா, முப்பத்தஞ்சுக்கு வாங்கினவரான்னு பார்த்தா அது சம்பாதிக்குது? இறங்கிட்டே இருந்தா நஷ்டம் சதவீதத்துல குறைஞ்ச மாதிரி தெரியும், பணத்துல கூடிக்கிட்டே போகும்."

"ஆனா ஒரு நல்லது இருக்கு மேடம். ஐம்பதுல வாங்கும்போது வருஷத்துக்கு ஒரு ரூபாய்ங்கறது ரெண்டு சதவீதம். முப்பதுல வாங்கினா மூணு சதவீதத்துக்கு மேல."

"வண்டி பள்ளத்துல விழுந்தா கதவு உயரம் கம்மியாத் தெரியும், ஏறி உட்கார வசதின்னு சொல்ற மாதிரி இருக்கு," என்று சொல்லிக்கொண்டே கேஷியர் அம்மா ஒரு பூந்தொட்டியை இடித்தார்.

தொட்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த மாஸ்டருக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. தொண்ணூறாயிரம் மாட்டிக்கொண்ட பிறகு மீதியை மட்டும் பத்திரமாக வைத்திருந்து என்ன பயன்? முழு ஒன்றரை லட்சமும் இருந்தால்தான் டாக்டர் வண்டி தருவார். அறுபதைக் காட்டினால் பல்கூடப் பிடுங்க மாட்டார். நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று புரோக்கர் ஆபீஸுக்குப் போன் போட்டார்.

"அம்மா, மிச்சம் இருக்கிற பணத்துக்கு எவ்வளவு கிடைக்குதோ வாங்குங்க. விலை கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்ல."

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "சார், முப்பதுல ஐநூறுதான் கிடைச்சுது. அப்புறம் விலை ஏறிடுச்சு. முப்பத்தஞ்சுல ஒரு ஐநூறு. அதுக்கப்புறம் நாற்பத்திரண்டுல அறுநூறு."

"ஏறிடுச்சா?"

"நாற்பத்திரண்டு சார் இப்போ."

கார் மறுபடியும் நட்டநடு ரோட்டில் நின்றது. இந்த முறை சந்தோஷத்தில். மாஸ்டர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஷட்டர்களில் தொங்கிய பூட்டுகளைத் தன் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மொத்தம் மூவாயிரத்து அறுநூறு ஷேர்," என்று கேஷியர் அம்மா வாயாலேயே கணக்குப் போட்டார். "போட்டது ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து எழுநூறு. சராசரி நாற்பத்தொண்ணு. நாற்பத்திரண்டுக்கு வித்தா, ரெண்டு பக்கக் கமிஷனும் போக, ரெண்டாயிரம் லாபம். அட, தப்பிச்சுட்டீங்க மாஸ்டர். உடனே வித்துடுங்க."

"விக்கறதா? காலையில முப்பது, இப்போ நாற்பத்திரண்டு. யாரோ பெரிய ஆள் மொத்தமா வாங்கறான் மேடம். அவனுக்கு ஏதோ விஷயம் தெரிஞ்சிருக்கு. எண்பது வரைக்கும் போகும் பாருங்க."

அன்று சாயங்காலம் மனைவியும் எண்பது போன மாதிரிதான் இருந்தாள். கன்ன வீக்கம் வடிந்திருந்தது.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது," என்றாள். "ஒரு வண்டி எதுக்கு, ரெண்டாவே வாங்கிட்டா என்ன? எனக்கும் லைசென்ஸ் இருக்கு. உங்க பக்கத்துல உட்காரப் பயந்துக்கிட்டே எத்தனை பொம்பளைங்க வராம இருக்காங்க தெரியுமா? அவங்களுக்கு நான் சொல்லித் தரேன். போர்டுல என் பேரையும் போட்டுடுவோம்."

இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. ரெண்டு வண்டிக்குப் பணம் கொடுக்கிற அளவுக்கு மச்சான் போய்விட்டான், இங்கே ஒரு வண்டிக்கே வழியில்லை. "பார்க்கலாம்," என்று மட்டும் சொன்னார். நாளைக்கே எல்லாவற்றையும் விற்று, ஒன்றரை லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் மறுவேலை என்று முடிவு கட்டினார்.

மறுநாள் வியாழக்கிழமை. முதல் வேலையாகப் போன் செய்தார்.

"எல்லாத்தையும் வித்துடுங்கம்மா. நாற்பத்திரண்டு."

பதினோரு மணிக்குக் கேட்டார். விற்கவில்லை. "நாற்பதுன்னா?" என்றார். மத்தியானம் வரை அதுவும் நடக்கவில்லை. முப்பத்தைந்துக்கு இறங்கினார். முப்பதுக்கு இறங்கினார். மார்க்கெட் மூடும்போது இருபத்தைந்தில் நின்றார். ஒரு ஷேர்கூட நகரவில்லை. அன்று அவரிடம் பாடம் படித்த ஆறு பேரும், கார் என்றால் அடிக்கடி தானாக நிற்கும் ஒரு பொருள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமையும் மூன்று மணிவரை அதே கதை. "போன்ல கேட்டா ஆகாது, நேர்ல போய்க் கேட்போம்," என்று கேஷியர் அம்மாதான் வண்டியைப் புரோக்கர் ஆபீஸ் பக்கம் திருப்பினார். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். டெஸ்டில் இரண்டு தடவை வராத பார்க்கிங், இன்று இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவில் அழகாக வந்தது. பாராட்ட வேண்டிய மாஸ்டர் அப்போது மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தார்.

பாதிப் படியில் போன் அடித்தது. மனைவி.

"டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிட்டேன். அஞ்சுக்குள்ள பணத்தோட வந்துடுங்க. நானும் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும், நேர்ல சொல்றேன். கேட்டா மயக்கம் போட்டுடுவீங்க."

மயக்கம் போட இனி தனியாக ஒரு விஷயம் வேண்டுமா என்று நினைத்துக்கொண்டு மாஸ்டர் உள்ளே போனார்.

ஆபீஸ் என்பது ஒரே ஒரு அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளியின் காலி நாற்காலி. போனில் பேசும் பெண்ணை மாஸ்டர் கணக்குத் திறந்த நாளில் பார்த்ததோடு சரி. அவள் நகத்துக்குச் சாயம் பூசிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, முந்தாநாள் நாற்பத்திரண்டு வரைக்கும் ஏறின ஷேரை இன்னிக்கு இருபத்தஞ்சுக்குக்கூட வாங்க ஆள் இல்லையா? அவ்வளவு பேர் வாங்கினாங்களே, எங்கே போனாங்க?"

"எவ்வளவு பேர் சார்?"

"விலை ஏறிச்சே. யாரோ பெரிய ஆள் வாங்கினதாலதானே ஏறிச்சு?"

"ஆமா சார். நீங்கதான்."

மாஸ்டருக்குப் புரியவில்லை. கேஷியர் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் அங்கிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார்.

"இந்தப் பூட்டுக் கம்பெனி ஷேரை யாரும் தொடறதே இல்ல சார். வருஷத்துக்கு நாலு பேர் வாங்கினா அதிகம். இந்த மாசம் வாங்கினது நீங்க ஒருத்தர்தான். நீங்க மிச்சப் பணம் எல்லாத்துக்கும் வாங்கச் சொன்னீங்க, விக்கறவங்க ஏத்திச் சொன்னாங்க. அதான் ஏறிச்சு."

"அப்போ முன்னாடி எதுக்கு இறங்கிச்சு?"

"அவங்களே குறைச்சுச் சொன்னாங்க. வாங்க ஆள் வருதோ இல்லையோன்னு பயம்."

"அப்போ வித்ததும் ஒரே ஆளா?"

"ஒரே ஆள்தான்."

மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றரை. ஒன்றரை லட்சமும் எவனோ ஒருவன் பையில் இருக்கிறது. கடை போச்சு. வண்டி போச்சு. போர்டில் தன் பெயரைப் போட ஆசைப்பட்டவள் டாக்டர் வீட்டு வாசலில் நிற்கப் போகிறாள். மச்சான் முகம் கண் முன்னால் வந்தது. ஆச்சரியமாக, அந்த முகத்தைப் பற்றி இப்போது கவலை வரவில்லை. அவள் முகத்தைப் பற்றித்தான் வந்தது.

"யாரும்மா அந்த மகராசன்? நான் அவனைத் திட்ட மாட்டேன். வாங்கின விலைகூட வேண்டாம். பாதிக்குத் திருப்பி எடுத்துக்கச் சொல்லு. கால்ல விழுன்னாலும் விழறேன்."

"அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாது சார்."

"சொல்லும்மா, நல்லா இருப்பே," என்றார் கேஷியர் அம்மா. "பாவம், அஞ்சு மணிக்குள்ள இவருக்குப் பணம் வேணும்."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காயாத நகத்தால் காதோரம் சொறிந்துகொண்டாள்.

"உங்களுக்கு நிஜமாவே தெரியாதா சார்?"

"தெரிஞ்சா இங்கே எதுக்கு நிக்கறேன்? ஆள் பேர்கூட வேண்டாம், அட்ரஸை மட்டும் கொடு. நான் போய்ப் பேசிக்கறேன்."

"அட்ரஸா? உங்க வீட்டு அட்ரஸ்தான் சார். உங்க வீட்டம்மா, அவங்க அப்பா விட்டுட்டுப் போன ஷேரை வித்தாங்க, நீங்க வாங்கினீங்க. ஒரே வீட்டுக்குள்ள கை மாத்திக்கறதுக்கு ரெண்டு பேரும் எதுக்குத் தனித்தனியா நமக்குக் கமிஷன் கொடுக்கறாங்கன்னு முதலாளிகூட தினமும் கேட்டுக்கிட்டே இருந்தார்."